கல்லு பங்களாவுல ஆளிருக்கு

பாத்து வாங்க தம்பி, அந்த மூணாவது படி ஆடும். டார்ச்சை அணைக்க வேண்டாம், இப்ப அடிக்கலாம். பொட்டியைத் தொறந்து வேலைய ஆரம்பிச்ச பொறவுதான் அடிக்கக் கூடாது. எனக்குத் தெரியும், நீங்க ஒண்ணும் வெளக்க வேண்டாம். அமாவாசையா இருக்கணும், மேகம் இருக்கக் கூடாது, வெளிச்சம் கூடாது, பீடிகூட பத்த வைக்கக் கூடாது. அந்த மூணுகால் ஸ்டாண்டைப் பலா மரத்துக்கு இந்தப் பக்கம் வைங்க. போன வருசம் படம் எடுக்க வந்த கிருபாகரன் சார் அங்கதான் வைப்பாரு. அங்க வச்சாத்தான் துருவ நட்சத்திரம் சரியா புகைபோக்கிக்கு மேல வரும்.

நான் கதவைத் தொறந்ததும் பயந்துட்டீங்கல்ல? சொல்லுங்க, பரவால்ல. ஆளில்லாத வீடுன்னு நெனச்சு வந்தீங்களா? சார் எடுத்த படத்துக்குக் கீழ அப்படித்தான் போட்டிருந்துச்சா? போன்ல பாத்தீங்களா?

அதான். அதப் பத்தித்தான் யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன். நீங்க வேலையப் பாருங்க, நான் இந்தப் படியில உக்காந்து என் பாட்டுக்குச் சொல்றேன். வெளிச்சம்தானே கூடாது, பேச்சு படத்துல விழாது. சாரே சொல்லியிருக்காரு.

எம்பேரு அங்கமுத்து. இந்தக் கல்லு பங்களாவுக்கு முப்பத்திரண்டு வருசமா வாட்ச்மேன். காப்பித் தோட்டம் போட வந்த ஏதோ ஒரு தொரை கட்டினது. வாசக்கால் மேல பாருங்க, ஆயிரத்தி எண்ணூத்தி அம்பத்தி ஒண்ணுன்னு கல்லுலயே வெட்டியிருக்கும். சுவரு ஒண்ணொண்ணும் என் கைக்கு ரெண்டு முழம் கனம். உள்ள நின்னு கத்தினா வெளிய கேக்காது. கத்திப் பாத்திருக்கேன். சும்மாதான், சுவரு எப்படிக் கட்டியிருக்கான்னு பாக்க.

இப்ப வீடு அண்ணன் தம்பி மூணு பேரு பேர்ல இருக்குது. மூணு பேரும் மெட்ராஸ்ல. கோர்ட்டுல கேஸு. தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் வந்து தங்கக் கூடாதுன்னு வக்கீலு சொல்லிட்டாராம், அதனால ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. எனக்கு நிம்மதி. ஆளுங்க வந்தா அது எங்க, இது எங்கன்னு பிச்சுப் புடுங்குவாங்க. எனக்கு ஒண்டியா இருக்கறதுதான் ஒத்து வரும். சம்சாரம் போயி ஆறு வருசமாச்சு. மக ஓசூர்ல இருக்குது. ஞாயித்துக்கெழம ஆனா போன் பண்ணும். இங்க டவர் கெடைக்காது, அதனால அந்தப் பாறை மேல ஏறி நின்னுக்குவேன். ஒரு மணி நேரம் நிப்பேன். அதுக்கு என்ன வேலையோ பாவம், பண்ணாது. ஆனா நெனச்சுக்கும்.

தொறந்தாச்சா? ஆரம்பிச்சிட்டீங்களா? டார்ச்சை அணைச்சுப் பையில போட்டுக்குங்க. இப்ப நீங்களே கேட்டாலும் நான் ஒரு தீக்குச்சி கிழிக்க மாட்டேன்.

போன தை அமாவாசைக்குத்தான் சார் மொத மொத வந்தாரு. இதே மாதிரி பனி. நீங்க வெளியூரு, அதனால சொல்றேன். அமாவாசை அன்னிக்குப் பொழுது எறங்கிட்டா இந்தக் காட்டு ரோட்டுல ஊர்க்காரன் ஒருத்தன் நடக்க மாட்டான். பங்களாவுல தொரை சுத்தறான்னு ஒரு பேச்சு. முப்பத்திரண்டு வருசத்துல நான் பாத்ததில்ல. வந்திருந்தா உக்கார வச்சு ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். அன்னிக்குக் காலையில சம்சாரத்துக்குப் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வச்சுட்டு நிக்கறேன். இங்க காக்காகூட சொன்ன நேரத்துக்கு வராது. தொண்டை வத்தக் கூப்பிடணும். வந்து தின்னுட்டு அதும் போயிருச்சு.

சாயங்காலம் பாத்தா கடைசி பஸ்ஸுல எறங்கி, மூணு மைலு நடந்து, தோள்ல பையோட ஒருத்தர் வந்து நிக்கறாரு. 'அண்ணா, இந்த வீட்டை ஒரு படம் எடுத்துக்கலாமா?'ன்னாரு. காலையில வாங்க, வெயில்ல பளிச்சுன்னு எடுக்கலாம்னேன். 'இல்லண்ணா, ராத்திரிதான். வெளிச்சமே இருக்கக் கூடாது'ன்னாரு. வெளிச்சம் இல்லாம என்ன போட்டோ? மரை கழண்ட ஆளுபோலன்னுதான் மொதல்ல நெனச்சேன்.

சேலத்துல பேங்க்ல வேலை அவருக்கு. நாப்பது, நாப்பத்தி ரெண்டு வயசு இருக்கும். கேமரா அவங்கப்பா காலத்துது, ஃபிலிம் போடறது. அதுக்குக் கண்ணைத் தொறந்து வச்சா மூணு மணி நேரத்துக்கு மூடக் கூடாதாம். நட்சத்திரமெல்லாம் நமக்குத் தெரியாமலே நகருது, நகந்த தடம் பூரா கோடு கோடா அந்த ஒரே ஃபிலிமுல விழும், வீட்டுக்கு மேல வட்டம் வட்டமா நிக்கும்னாரு. ராத்திரிக்கு ஒரே ஒரு படம்தான். நடுவுல யாராச்சும் வெளிச்சம் காட்டினா அத்தனையும் வெளுத்துப் போயிரும். அதனாலதான் அமாவாசையாப் பாத்து வந்தது.

சரின்னு வராந்தா லைட்டை அணைச்சேன், உள்ள லைட்டையும் அணைச்சேன். அணைச்சுட்டு அடுப்படியில போயி உக்காந்தேன். உக்காந்திருக்க முடியல தம்பி. என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்த மனுசன். பனியில நிக்கறாரு. எனக்கு அமாவாசைன்னா ராத்திரி சோறு கெடையாது, பலகாரம்தான். அடுப்பு வெளிச்சம் தெரியாம கதவைச் சாத்திக்கிட்டு கோதுமை உப்புமா கிண்டினேன், கருப்பட்டி போட்டு வரக்காப்பி வச்சேன். ஒரு கையில தட்டு, ஒரு கையில டம்ளரு, கக்கத்துல மூணு கட்டை டார்ச்சு. அது எரிஞ்சுக்கிட்டிருக்கு! படி எறங்கணும்ல? 'சார், சாப்பிட்டுட்டு எடுங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே நேரா கேமராவுக்கு முன்னால போயி நிக்கறேன்.

அவரு தலையில கை வச்சுத் தரையில உக்காந்துட்டாரு. ரெண்டரை மணி நேரம் போச்சுண்ணான்னாரு. ஆனா ஒரு வார்த்த கோவிச்சுக்கணுமே? கெடையாது. உப்புமாவை வாங்கித் தின்னாரு. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்னாரு. 'போவட்டும்ணா. அடுத்த அமாவாசைக்கு வர்றேன்'னாரு.

அடுத்த அமாவாசைக்கு வர்றேன். எங்கிட்ட அப்படி நாள் சொல்லிட்டுப் போனவங்க அதுக்கு முன்ன யாருமில்ல. வர்றேன்னு சொல்லுவாங்க. நாள் சொல்ல மாட்டாங்க.

அது நெசமாலுமே தெரியாம நடந்தது தம்பி. அத நீங்க நம்பணும்.

பொறவு நான் டவுனுக்குப் போயி ஒரு தினசரி காலண்டரு வாங்கினேன். அதுல அமாவாசைக்குக் கருப்பா ஒரு உருண்டை போட்டிருப்பான் பாருங்க. ஆசைன்னு இல்ல. ஒரு ஆளு வர்றாருன்னா ரவை வாங்கி வைக்கணும், கொல்லையில செடியை வெட்டி விடணும், வேலை கெடக்குது. அதுக்காக. மாசி அமாவாசைக்கு மூணு மணிக்கே போயி பஸ்ஸு நிக்கற எடத்துல நின்னுட்டேன். ஏழு மணி பஸ்ஸுலதான் வந்தாரு. 'எனக்காகவா நிக்கறீங்க'ன்னாரு. இல்ல, வேற சோலியா வந்தேன்னேன்.

அன்னிக்கு உப்புமாவை முன்னாடியே கிண்டிச் சாப்பிட்டாச்சு. கேமராவைத் தொறந்து வச்சுட்டு ரெண்டு பேரும் இதே படியில உக்காந்தோம். ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. பக்கத்துல இருக்கற மூஞ்சி தெரியாது. அப்படி இருந்தா பேச்சு நல்லா வருது, கவனிச்சிருக்கீங்களா? சம்சாரத்தப் பத்திச் சொன்னேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் படிக்கறப்ப காச்சல் வந்தது, தோள்ல தூக்கிக்கிட்டு மலை எறங்கினது, அதெல்லாம் சொன்னேன். சார் நல்லாப் பேசுவாரு. நாலு அமாவாசையில அவரு பேசினதெல்லாம் சேத்தா ஒரு பீடி குடிக்கிற நேரம் வராது. ஆனா 'ம்'னு சொல்லுவாரு. சரியான எடத்துல சொல்லுவாரு.

துருவ நட்சத்திரத்தை அன்னிக்குத்தான் காட்டினாரு. அதோ, புகைபோக்கிக்கு மேல மங்கலா இருக்குது பாருங்க. மத்ததெல்லாம் அதைச் சுத்தி வருதாம், அது மட்டும் நகராதாம். எல்லாம் ஊரு சுத்துது, அது மட்டும் இருந்த எடத்துலயே இருக்குதா, பாவம்னேன். சார் சிரிச்சாரு. அதுல சிரிக்க என்ன இருக்குது?

எங்க விட்டேன்? மாசி. மூணு மணி நேரம் முடியப் போகுது, இன்னும் பத்தே நிமிசம்னாரு. அப்பப் பாத்து காட்டெருமை வந்துருச்சு. இங்க எருமை உண்டு தம்பி, விளையாட்டில்ல, குத்தினா கொடலு வெளிய வந்துரும். பலா மரத்துக்குப் பின்னால சரசரன்னு கேட்டுச்சு. சார் எந்திரிச்சுப் போயி கேமராவுக்குப் பக்கத்துல நிக்கறாரு, நான் சும்மா இருக்க முடியுமா? ஓடிப் போயி வராந்தா லைட்டைப் போட்டேன். வெளிச்சத்தைக் கண்டதும் அது ஓடிருச்சு. சார் பாக்கல. நான் பாத்தேன்.

'பரவால்லண்ணா. பங்குனிக்கு வர்றேன்'னாரு.

பங்குனிக்கும் வந்துச்சு. எருமையத்தான் சொல்றேன். சரியா அதே நேரம், முடியறதுக்குப் பத்து நிமிசம் முன்னால. மிருகத்துக்கும் ஒரு பழக்கம் இருக்கும்போல. லைட்டைப் போட்டதும் சார் எருமையத் தேடல, என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. விடிஞ்சதும் பலா மரத்துக்குப் பின்னால போயி காலடித் தடம் இருக்குதான்னு குனிஞ்சு பாத்தாரு. பங்குனி வெயிலு, தரை காஞ்சு பாறையாக் கெடக்கு, தடம் எங்க விழும்? அதச் சொன்னேன். 'ஆமாண்ணா, விழாதுதான்'னு ஒத்துக்கிட்டாரு. படிச்சவங்க சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

சித்திரைக்கு வந்தப்ப எறங்கினதும் கேட்டாரு: 'அண்ணா, இன்னிக்கு எருமை வருமா?' பாவம், அவருக்கு எருமைன்னா உள்ளுக்குள்ள பயம். அது காட்டுல இருக்கறது, நான் என்ன சார் கண்டேன்னேன். அப்பத்தான் சொன்னாரு, மாத்தல் வந்துருச்சாம். போபாலுக்காம். வைகாசி மொத வாரம் போயி சேரணும். 'இதுதாண்ணா கடைசி அமாவாசை'ன்னாரு.

எனக்கென்ன? போனா போறாரு. முப்பத்திரண்டு வருசத்துல எத்தனை பேரு வந்தாங்க, போனாங்க.

ஆனா ஒண்ணு பண்ணினேன். நேரா மீட்டரு பொட்டிக்குப் போயி ஃபீஸ் கட்டையப் புடுங்கி அவரு கையில குடுத்தேன். டார்ச்சையும் குடுத்தேன், தீப்பொட்டியையும் குடுத்தேன். வச்சுக்குங்க சார், இனி எந்த எருமை வந்தாலும் நான் லைட்டு போட முடியாதுன்னேன். அவரு என் கையப் புடிச்சு கொஞ்ச நேரம் வச்சிருந்தாரு. ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

எருமை அன்னிக்கு வரல. கடைசின்ன பொறவு வந்து என்ன ஆவப்போகுது?

நான் உள்ள போயி வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கிட்டேன். மக கல்யாணத்துக்குத் தச்சது. தலைக்குத் தண்ணி தொட்டுச் சீவினேன். இந்தா, இந்தப் படியில, கேமராவுக்கு நேரா உக்காந்தேன். ஆடினா படம் கலைஞ்சு போகும், ஆடாம இருந்தாத்தான் விழும்னு அவருதான் முன்ன ஒருக்கா சொல்லியிருந்தாரு. நட்சத்திரத்துக்குச் சொன்னாரோ ஸ்டாண்டுக்குச் சொன்னாரோ, எனக்கும் அதுதானேன்னு நெனச்சுக்கிட்டேன். ஸ்டுடியோவுல உக்கார்ற மாதிரி முட்டி மேல கை வச்சு, மூணு மணி நேரம் தம்பி. முதுகு விட்டுப் போச்சு. அன்னிக்குப் பேசக்கூட இல்ல, வாய் அசையும்ல. கொசு கடிச்சா கடின்னு விட்டேன். ஒரே ஒரு தடவை இருமினேன், அதும் வாயைப் பொத்திக்கிட்டு.

முடிஞ்சுதுண்ணான்னு கேமரா கண்ணை மூடினாரு. விடியக்கால பஸ்ஸுக்குப் போறப்ப, 'போயிட்டு வர்றேண்ணா'ன்னாரு. நாள் சொல்லல.

ஆடி மாசம் கீழ டீக்கடைக்கு எம்பேருக்கு ஒரு கவரு வந்துச்சு. தபால்காரரு இவ்வளவு தூரம் ஏற மாட்டாரு, அங்கதான் போட்டுட்டுப் போவாரு. கடையிலயே பிரிச்சேன். படம்! கூடவே பத்திரிகையில அச்சான அந்தப் பக்கத்தையும் கிழிச்சு வச்சிருந்தாரு. மழையில நனைஞ்சு, மடிச்சு வச்சு, படத்துக்கு ஒரு மூலை மடங்கிப் போச்சு. எத்தனை நீவினாலும் நிமிர மாட்டேங்குது. ஆனா படம் என்னா படம்கறீங்க! வானம் பூரா வட்டம் வட்டமா வெளிச்சம். நடுவுல துருவ நட்சத்திரம். கீழ நம்ம பங்களா கருகருன்னு, புகைபோக்கியும் கூரையும் வெட்டி வச்ச மாதிரி. கடையில இருந்தவங்க எல்லாம் வாங்கி வாங்கிப் பாத்தாங்க.

நீ எங்க அங்கமுத்துன்னான் ஒருத்தன். படியில இருக்கேன் பாருன்னேன். பாத்தா, படியே தெரியல. வராந்தா தெரியல, வாசக்கால் தெரியல, என் வெள்ளைச் சட்டை தெரியல. கீழ மொத்தமும் ஒரே கருப்பு. சன்னலு மூணும் குழி விழுந்த கண்ணு மாதிரி இருக்குது. பத்திரிகைப் பக்கத்துல படத்துக்குக் கீழ எழுத்துல போட்டிருந்துச்சு: 'ஆளற்ற கல்வீடு.'

அவன் படிச்சுக் காட்டறான், எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு தம்பி. ஆளற்றன்னா? அப்ப நான் யாரு? அந்த மூணு மணி நேரமும் இந்தக் கல்லு மேல உக்காந்திருந்தது யாரு? சாரு அப்படி எழுதியிருக்க மாட்டாரு, பத்திரிகைக்காரன் வச்சிருப்பான். படத்துக்குப் பின்னால சார் கையெழுத்துல, 'அங்கமுத்து அண்ணனுக்கு அன்போட'ன்னு இருந்துச்சு. அன்புதான். இல்லேங்கல. ஆனா அன்பு பின்பக்கம்தானே இருக்குது? ஊரு பாக்கறது முன்பக்கம்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல இருக்கற அத்தனை லைட்டையும் போட்டு வச்சேன். விடிய விடிய எரிஞ்சுது. பாக்கத்தான் ஒருத்தருமில்ல.

படத்தை உள்ள சுவத்துல ஒட்டியிருக்கேன், விடிஞ்சதும் காட்டறேன். அந்தக் கருப்புல நான் இருக்கற எடத்துல பேனாவால ஒரு புள்ளி வச்சிருக்கேன். அதுக்கப்பறம் மழை மாசம் வந்துச்சு, மூடாப்பு, ஐப்பசி கார்த்திகையெல்லாம் வானமே தெரியல. காலண்டரு கிழிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னிக்குத் தை அமாவாசை. காலையில காக்காய்க்குச் சோறு வச்சேன், ராத்திரி கதவைத் தொறந்தா நீங்க வந்து நிக்கறீங்க. ரவை இருந்துச்சு. நல்ல வேளை.

எவ்வளவு நேரமாச்சு தம்பி? ரெண்டே முக்கால் மணி நேரமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். படம் முடிஞ்சதும் கெளம்பிடுவீங்களா? பைக்குலதானே வந்தீங்க. ஆமா, பஸ்ஸுக்குக்கூட நிக்க வேண்டியதில்ல.

உஸ்ஸ்! கேட்டுச்சா? பலா மரத்துக்குப் பின்னால. உங்களுக்குக் கேக்காது, பழகின காதுக்குத்தான் கேக்கும். அசையாதீங்க. இருங்க, நான் போயி லைட்டைப் போட்டுப் பாத்துடறேன்...

ஒண்ணுமில்ல, லைட்டை அணைச்சுட்டேன். ஓடிருச்சு.

அடடா! தம்பி, உங்க படம்! அய்யய்யோ, அத மறந்தே போயிட்டேன். உசுரா படமான்னு வந்தா எனக்கு உசுருதான் பெருசாத் தெரியுது, அது ஒரு கெட்ட பழக்கம். மன்னிச்சுக்குங்க. மாசி அமாவாசை செவ்வாக்கெழம வருது, காலண்டருல பாத்து வச்சிருக்கேன். அன்னிக்கு வந்துருங்க, உப்புமா வேண்டாம்னா அடை சுடறேன்.

ஏன் சிரிக்கிறீங்க?

போகலையா? எப்படிப் போகாம இருக்கும்? அரை நிமிசத்துக்கு ஒரு படமா? தானே எடுத்துக்குதா? அப்ப இதுவரைக்கும் எத்தனை, முன்னூறா? அதுல வெளிச்சம் விழுந்தது ஒண்ணே ஒண்ணுதானா? அந்த ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை ஒண்ணா ஒட்டிக்குவீங்களா?

அப்ப நான் லைட்டு போட்டதே தெரியாது.

நல்லதுதான். நல்லதாப் போச்சு. பொழப்பைக் கெடுத்துட்டமேன்னு பயந்துட்டேன். அப்ப மாசிக்கு நீங்க வர வேண்டியதில்ல. சும்மா எதுக்கு அவ்வளவு தூரம். சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க, உப்புமா மூடி வச்சிருக்கேன்.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தத் தூக்கிப் போடற ஒண்ணு இருக்குதே, அத எனக்குக் குடுப்பீங்களா? உங்களுக்கு வேண்டாததுதானே. அதுல வராந்தாவுல லைட்டு எரியும். வாசக்காலு தெரியும், அம்பத்தி ஒண்ணுன்னு வெட்டினது தெரியும். சுவிச்சுல கைய வச்சுக்கிட்டு நானும் அங்கதான் நின்னேன். ஆடாமத்தான் நின்னேன்.

தபால்ல வேண்டாம். தபால்ல போட்டா மூலை மடங்கிப் போயிருது. நீங்களே கையில கொண்டாந்து குடுத்துருங்க. அமாவாசையாப் பாத்து வரணும்னு இல்ல தம்பி, என்னிக்கு வேணும்னாலும் வரலாம். ஆளிருக்கும்.